பயணத்துக்கு ஆகாத கறி

“இந்தத் தடவ மிளகாயக் கொஞ்சம் கொறச்சுப் போடு நிதா,” என்று யஸ்ரில் சொன்னபோது, நிதாவின் முன்னால் காம்பு கிள்ளிய மிளகாய் ஒரு முறம் நிறைய இருந்தது. அவன் அடுக்களைக்குள் வரவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து, செருப்புக்குள் காலை நுழைத்தபடி, தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “ஒரு கரண்டி சீனியும் சேத்தா நல்லாருக்கும்.” பிறகு எழுந்து சட்டையின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்கு முன்னால் தன் அம்மாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று வயல் வரப்பில் இறங்கிப் போனான்.

நிதா அடுத்த மிளகாயின் காம்பைக் கிள்ளினாள். அதற்கடுத்ததையும் கிள்ளினாள். அதன் பிறகுதான் கை நின்றது.

சீனியா?

ஒவ்வொரு வருடமும் நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வருபவன், திரும்பிப் போகும்போது ஒரு தகர டின் நிறைய ரெண்டாங் கறி கொண்டுபோவான். கல்யாணமான வருடத்திலிருந்து இப்படித்தான். ஜகார்த்தாவில் தானா ஆபாங் சந்தையில் அவனுக்குத் துணிக்கடை. கடைக்கு மேலேயே ஒரு வாடகை அறை. அந்த அறையில் தனியாக உட்கார்ந்து, சுடுசோற்றில் ஒரு துண்டு வைத்து, ஒரு மாதம் வரைக்கும் சாப்பிடுவேன் என்று சொல்வான். தேங்காய்ப்பால் முழுக்க வற்றி, எண்ணெய் கக்கி, கறி கறுத்துப் போகும்வரை கிண்டினால் அது எத்தனை நாளானாலும் கெடாது. இந்தப் பக்கத்திலிருந்து வெளியூர் போகிற எந்த ஆண்பிள்ளையின் பையிலும் அது இருக்கும். பெருநாள் முடிந்த வாரத்தில் பஸ்ஸில் ஏறினாலே அந்த வாசனைதான் முதலில் வரும். அப்படிக் கொண்டுபோகிறவர்களில் ஒருவனாவது மிளகாயைக் குறை என்று சொன்னதாக அவள் கேள்விப்பட்டதில்லை. யஸ்ரிலே கல்யாணமான புதிதில் அவள் சமைத்ததை ஒரு வாய் வைத்துவிட்டு, “இது கறியா, காய்ச்சக்காரனுக்கு வச்ச கஞ்சியா?” என்று கேட்டவன்தான். அன்றைக்கு அவள் அழுதாள். அடுத்த நாளிலிருந்து மிளகாயை இரண்டு பங்காக்கினாள்.

நிதா எதையும் சட்டென்று முடிவு செய்கிறவள் அல்ல. கதவைத் தாழிட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து தாழைத் தொட்டுப் பார்ப்பாள். உப்புப் போட்டுவிட்டு, போட்டோமா என்று யோசிப்பாள். அதனால் இப்போதும் தன்னைத்தானே கொஞ்சம் சந்தேகப்பட்டாள். வயிற்றில் புண் வந்திருக்கலாம். சொன்னால் பயப்படுவேன் என்று மறைக்கிறானோ என்னவோ. வயதும் ஆகிறது. ஜகார்த்தாவில் பல ஊர்க்காரர்களோடு சேர்ந்து சாப்பிட்டு நாக்கு மாறியிருக்கலாம். ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாமே நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்தச் சீனி மட்டும் எதிலும் கரையாமல் நின்றது.

மிளகாயை அவள் குறைக்கவில்லை. முறத்தில் இருந்த அத்தனையையும் கல்லில் கொட்டி அரைத்தாள்.

அக்கா மர்னிஸ் தேங்காய் துருவ வந்தாள். ஒரே வீட்டின் அடுத்த பாதியில்தான் இருக்கிறாள். அம்மா இருவருக்கும் விட்டுப்போன வீடு. துருவுபலகையில் உட்கார்ந்ததுமே தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

“என்னடி, அரைக்கிறியா, யாரையாவது கொல்றியா?”

“ஒண்ணுமில்ல ஊனி,” என்றாள் நிதா. அக்காவை அப்படித்தான் கூப்பிடுவாள்.

“பெருநாளுக்கு அப்புறம் வர்ற ஆறு நோன்பு புடிச்சிருக்கேல்ல? கோவப்பட்டா நோன்போட பலன் போயிரும். பட்டினி மட்டும்தான் மிச்சம்.”

நிதா அம்மியிலிருந்து நிமிரவில்லை. “ஊனி, உங்க வீட்டுக்காரரு ரெண்டாங்ல சீனி போடச் சொன்னா நீங்க என்ன நெனப்பீங்க?”

“அவருக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனப்பேன்.” மர்னிஸ் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். துருவுகிற கையும் நின்றது. “யஸ்ரில் சொன்னானா?”

“மிளகாயும் கொறைக்கணுமாம்.”

மர்னிஸ் தேங்காய் மூடியைத் திருப்பி, துருவி முடித்த பக்கத்தையே மறுபடி துருவினாள். ஓடு சுரண்டுகிற சத்தம் கேட்டது. அவள் பேசாமலிருந்தது நிதாவுக்கு எரிச்சலாக இருந்தது. எந்த விஷயத்துக்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற அக்கா, இதற்கு மட்டும் ஒன்றும் வைத்திருக்கவில்லை.

டின்னை எடுக்கப் பரணில் கைவிட்டபோதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அது பழைய பிஸ்கட் டின். யஸ்ரில் ஒவ்வொரு பெருநாளுக்கும் அதைக் காலியாகத் திருப்பிக் கொண்டுவருவான். முன்பெல்லாம் அது மூலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு, மூடியில் மசாலா காய்ந்து ஒட்டிப்போய் வரும். இரண்டு நாள் சாம்பலில் ஊறப்போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும். இப்போது சில வருடங்களாக அப்படி வருவதில்லை. கழுவி, வெயிலில் காயவைத்து, துருப்பிடிக்காமலிருக்க உள்ளே செய்தித்தாள் மடித்து வைத்து வருகிறது. அந்தத் தாளின் நான்கு முனைகளும் டின்னின் மூலைக்குச் சரியாக மடிக்கப்பட்டிருந்தன. முதல் தடவை அதைப் பார்த்தபோது, பரவாயில்லை, மனுஷன் திருந்திவிட்டான் என்று அவள் சந்தோஷப்பட்டிருந்தாள். மர்னிஸிடம் பெருமையாகக்கூடக் காட்டினாள்.

டின்னைக் கீழே வைத்தாள். அந்த மடிப்பை விரலால் நீவிப் பார்த்தாள். இருந்தாலும் இதுவும் போதாது என்று நினைத்தாள். ஆண்களும் தாள் மடிப்பார்கள்.

மதியம் அவன் வந்தான். அவனுக்கு மட்டும் சோறு எடுத்து வைத்தாள். பொரித்த கருவாட்டின் மேல் பச்சை மிளகாயை நசுக்கி, எப்போதும் போடுவதைப்போல் ஒன்றரை மடங்கு போட்டு வைத்தாள். எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். அவன் மூக்கின்மேல் வேர்வை பூத்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டாம் தடவை சோறு கேட்டான். கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தான்.

“இந்தக் காரம் அங்க எங்க கெடைக்குது,” என்றான். “அங்கல்லாம் மிளகாய்னு பேருக்கு ஒண்ணு விக்கிறான்.”

“வயிறு ஒண்ணும் பண்ணலையே ஊடா?” கணவனை அவள் கூப்பிடுகிற முறை அது.

“எனக்கென்ன? கல்லக் குடுத்தாலும் கரைச்சிருவேன்.”

தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு முன்னறைக்குப் போய்ப் பாயில் சாய்ந்தான். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. நிதா தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். அப்போது அவளுக்கு ஏற்பட்டது துக்கம் அல்ல. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. கழுத்துக்குக் கீழே ஏதோ ஒன்று அடுப்புக்கல்லைப்போலச் சூடேறி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

வெளியே சார்ப்பில் பெரிய இரும்புக் கடாய் காலையிலிருந்தே அடுப்பில் இருந்தது. தேங்காய்ப்பால் கொதி வரும்வரை கை ஓயக்கூடாது, ஓய்ந்தால் திரிந்துபோகும். மர்னிஸ்தான் கிண்டியிருந்தாள். பேரரத்தை, எலுமிச்சைப்புல், முடிச்சுப் போட்ட மஞ்சள் இலை, குடம்புளி, அரைத்த மிளகாய் எல்லாம் சேர்ந்து பால் செம்மண் நிறத்துக்கு வந்திருந்தது. மாட்டுக்கறியைப் போட்டாயிற்று. லவங்கப்பட்டை உரித்தெடுத்த கருவாமரத்து விறகு மெதுவாக எரிந்து லேசான இனிப்பு வாசம் விட்டது. நிதா அகப்பையை அக்காவிடமிருந்து வாங்கிக்கொண்டாள். நோன்பாளி ருசி பார்க்க முடியாது. வாசனையை வைத்தும், குமிழி உடைகிற சத்தத்தை வைத்தும்தான் பார்க்க வேண்டும். அது அவளுக்குப் பழக்கம்தான்.

யஸ்ரிலின் அக்கா மினார் பின்வழியாக வந்தபோது குமிழிகள் தடித்து, மெதுவாக உடைய ஆரம்பித்திருந்தன. மினாரின் கையில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. தம்பி கொண்டுபோக மரவள்ளி வறுவல். ஒன்று மிளகாய் பூசிச் சிவந்திருந்தது. இன்னொன்று வெள்ளையாக இருந்தது. சீனி தூவியது.

“அப்பாடா, வாசனை ரோடு வரைக்கும் வருது,” என்றாள் மினார். “எந்தம்பி குடுத்துவச்சவன்.”

நிதா அந்த வெள்ளைப் பொட்டலத்தைப் பார்த்தாள். அகப்பையை நிறுத்தவில்லை. தன் குரல் எப்படி வரப்போகிறது என்று தெரியாமலேயே பேசினாள்.

“பரவால்ல ஊனி, ஞாபகமா செஞ்சிருக்கீங்க. சின்னதுக்குக் காரம் ஆகாதுல்ல.”

மினாரின் முகத்தில் முதலில் வந்தது நிம்மதிதான். அதைத்தான் நிதா பிற்பாடு மறக்க முடியாமல் தவிக்கப் போகிறாள். எவ்வளவோ நாள் சுமந்த மூட்டையை இறக்கிவைக்க இடம் கிடைத்ததுபோல அந்த அம்மாள் மூச்சை விட்டு, மனைப்பலகையில் உட்கார்ந்தாள்.

“சொல்லிட்டானா? நல்லதாப் போச்சு. நான் எத்தன தடவ சொன்னேன், நீயே சொல்லிருடா, வேற யாராவது சொல்லித் தெரிஞ்சா அவ தாங்கமாட்டான்னு. சோலோங்கற ஊர்ப் பக்கத்துப் பொண்ணு. அவங்க சாப்பாடு எல்லாத்துலயும் இனிப்புத்தான். பொண்ணு கொழந்த அப்படியே நம்ம அம்மா ஜாடை.”

மர்னிஸின் கையிலிருந்த, தேங்காய்ப்பால் பிழிகிற துணி வாளியில் விழுந்தது.

“அத்தைக்குத் தெரியுமா?” என்று நிதா கேட்டாள்.

தம்பி இவளிடம் எதுவுமே சொல்லவில்லை என்று அப்போதுதான் மினாருக்குப் புரிந்தது. தலைமுக்காட்டின் முனையை இழுத்து இழுத்து நேர்செய்தாள்.

“அம்மாவுக்கு வயசாயிருச்சு நிதா. அவங்க என்ன செய்வாங்க?”

“தெரியுமான்னுதான் கேட்டேன்.”

“ரெண்டு பெருநாளுக்கு முன்னாடியே தெரியும்.”

ஒவ்வொரு ரமலானுக்கும் முன்னால் மருமகள் மாமியார் வீட்டுக்குச் சோறும் கறியும் சமைத்துச் சுமந்துபோக வேண்டும். நிதா ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. பட்டுத்துணி போர்த்திய தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, வெயிலில், ஊரே பார்க்க, வயல் வரப்பில் நடந்து போவாள். இந்த வருடம் தாம்பாளத்தை இறக்கியபோது மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போகும்போது புதுச் சால்வை ஒன்றை அவள் தோளில் போட்டாள். நிதா வீடு வந்து சேரும்வரை அந்தச் சால்வையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். தாயில்லாதவள் என்று மாமியாருக்குத் தன்மேல் பாசம் என்று நினைத்தாள். அவள் போன பிறகு அந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அவள் கிண்டிய கறியைச் சோற்றில் போட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டிருப்பார்கள். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லியிருப்பார்கள்.

“ஊனி, நீங்க கெளம்புங்க,” என்றாள் நிதா. “அந்த ரெண்டு பொட்டலத்தையும் எடுத்துட்டுப் போங்க.”

“நிதா, நான் சொல்றத—”

“அடுப்பு மூட்டின எடத்துல நிக்கிறேன் ஊனி. கையில அகப்பை இருக்கு. போயிருங்க.”

மினார் போய்விட்டாள். வெள்ளைப் பொட்டலத்தை மட்டும் அவசரத்தில் பலகையிலேயே விட்டுவிட்டாள். மர்னிஸ் அதை எடுத்துக் கோழிகளுக்குப் போடப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, போடாமல் தூணோரம் வைத்தாள்.

“மாமாவைக் கூப்பிடறேன்,” என்றாள். “தாய்மாமன் இருக்கறது எதுக்கு? அவரு வந்து பேசட்டும். இது நம்ம வீடு. துணிமணிய மூட்டையாக் கட்டிப் படியில வச்சா, அவன் எறங்கிப் போய்த்தான் ஆவணும்.”

“மாமா வந்தா மாமியார் வீட்டு ஆளுங்களும் வருவாங்க. பாய் விரிக்கணும், வெத்தல வைக்கணும். எல்லாரும் தொண்டையக் கனைச்சுக்கிட்டு, குடும்பமானம், பொறுமை, வெலா படிப்புன்னு பேசுவாங்க. கடைசில என் கோவத்த அவங்க ஆளுக்குக் கொஞ்சமா பங்கு போட்டு எடுத்துட்டுப் போயிருவாங்க. எங்கிட்ட ஒண்ணும் மிஞ்சாது.” வெலா அவளுடைய மகள். பாதாங்கில் கல்லூரியில் படிக்கிறாள். அப்பாவின் செல்லம். அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்ற நினைப்பு வந்ததும் நிதா அதை அப்படியே தள்ளி வைத்தாள். இன்றைக்கு ஒன்றைத்தான் பார்க்க முடியும்.

“என் வீட்டுக்காரரு டோமினோக் கட்டையத் தவிர வேற எதையும் கண்ணெடுத்துப் பாக்கமாட்டாருன்னு நான் எவ்வளவு நாள் திட்டியிருப்பேன்,” என்றாள் மர்னிஸ் மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை.

கடாயில் கறி கலியோ பதத்துக்கு வந்திருந்தது. பழுப்பேறிய குழம்பு அகப்பையில் ஒட்டி வழுக்கி விழுந்தது. ஓரங்களில் எண்ணெய் இப்போதுதான் கண்ணைத் திறந்தது. இந்தப் பதத்தில் இறக்கினால் அன்றைக்கே சாப்பிட வேண்டியதுதான். நாள்கடந்து நிற்காது. இனிமேல்தான் உண்மையான வேலை. தீயைத் தணித்து, ஒரு கணம்கூட விடாமல் அடியைச் சுரண்டிக் கிண்ட வேண்டும். தோள் கழன்றுவிடும். சாயங்காலத்து அஸர் தொழுகைக்குள் முடித்தால் அவனுடைய பஸ்ஸுக்குச் சரியாக இருக்கும். ஒவ்வொரு வருடமும் அவள் தோள் கழன்றது யார் தட்டில் போய் விழுந்திருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. அந்தப் பெண், துண்டுகளைத் தண்ணீரில் அலசி மகளுக்கு ஊட்டியிருப்பாள். காரம் தாங்காமல் அந்தக் குழந்தை அழுதிருக்கும். அவன் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, சரி, அடுத்த தடவை குறைக்கச் சொல்கிறேன் என்று சொல்லியிருப்பான். சமையல்காரியிடம் சொல்வதைப்போல.

அம்மியில் மிச்சமிருந்த மிளகாய் விழுது முழுவதையும் வழித்தெடுத்தாள். கடாய்க்கு மேலே கையைக் கொண்டுபோனாள். அப்போது அந்தக் குழந்தை வாயைத் திறந்து நிற்பது, முகம் தெரியாமலேயே, மாமியார் ஜாடையில் தெரிந்தது. கை நின்றுவிட்டது. அதற்கும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. இந்த ஒரு நாளாவது யாரைப் பற்றியும் யோசிக்காமல் கோபப்பட முடியாதா? விழுதை அம்மியிலேயே அப்பினாள். குனிந்து, எரிகிற விறகுகளை ஒவ்வொன்றாக அடுப்பிலிருந்து வெளியே இழுத்தாள். ஒன்று விரலைச் சுட்டது. அதையும் இழுத்துப் போட்டாள்.

“என்னடி பண்றே? இன்னும் வத்தலையே,” என்றாள் மர்னிஸ்.

“போதும்.”

மர்னிஸ் அவளையும் கடாயையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். கறியை அள்ளி ஊற்றிக்கொண்டு, மண்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். சாப்பிடும்போதே கண்ணில் நீர் வழிந்தது. காரத்தாலா என்று நிதா கேட்கவில்லை.

அஸர் பாங்கு சொல்லி முடிந்ததும் யஸ்ரில் குளித்து, தலைவாரி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்பக்கம் வந்தான். டின் பலகையின்மேல் திறந்தபடி இருந்தது. உள்ளே செய்தித்தாள் அப்படியே இருந்தது.

“பஸ் ஸ்டாண்டுக்குப் போற வேன் வந்துரும். டின்ல இன்னும் போடலையா?”

நிதா கடாய்ப் பக்கம் தலையை அசைத்தாள். அவன் கடாயை எட்டிப் பார்த்தான். இந்த ஊரில் பிறந்தவன் எவனுக்கும் அந்த நிறத்தைப் பார்த்தால் தெரியும். பஸ் இரண்டு ராத்திரி ஓடும். இது முதல் ராத்திரியே புளித்துவிடும்.

“இது கலியோல்ல?”

“ஆமா.”

“இத எப்படிக் கொண்டு போறது?”

“கொண்டு போக முடியாது. இந்த வீட்டுல உக்காந்து சாப்பிடற கறி இது. சாப்பிடறதுன்னா சாப்பிடுங்க.” அகப்பையைக் கடாயின் விளிம்பில் தட்டினாள். “சீனி போடல.”

அவன் ஏதோ சொல்ல வந்தான். அப்போது அவன் கண் தூணோரம் போயிற்று. வெள்ளைப் பொட்டலம் அங்கே இருந்தது. அது யார் கைப்பக்குவம் என்று அவனுக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே நின்றான். தோளிலிருந்து பை மெல்ல நழுவி முழங்கைக்கு வந்தது. மர்னிஸ் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, அவனைத் தாண்டி உள்ளே போனாள். போகும்போது வழிவிடச் சொல்லவில்லை. அவனாகவே ஒதுங்கினான்.

“நிதா.”

அவள் நிமிரவில்லை.

அவன் விளக்கம் சொல்லியிருந்தால், காலில் விழுந்திருந்தால், கத்தியிருந்தால்கூட அவளிடம் அதற்கெல்லாம் பதில் தயாராக இருந்தது. மதியத்திலிருந்து ஒவ்வொன்றாக அடுக்கி வைத்திருந்தாள். அவன் செய்தது எதுவும் அதில் இல்லை. பையைக் கீழே வைத்தான். தொழுகைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அடுப்புக்கு முன்னால் குந்தினான். இத்தனை வருடத்தில் அவன் இந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை. இழுத்துப் போட்ட விறகுகளைக் கையில் எடுத்து, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். குனிந்து ஊதினான். சாம்பல் அவன் முகத்திலேயே பறந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி ஊதினான். ஒரு ஓரத்தில் தீ பிடித்தது. பிறகு எல்லா விறகும் ஒன்றாகப் பற்றிக்கொண்டு, தணலாக இருக்க வேண்டிய நேரத்தில் கொழுந்துவிட்டு எரிந்தது.

குந்தியபடியே, அவளைப் பார்க்காமல், அகப்பைக்காகக் கையை நீட்டினான்.

வாசலில் வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. யாரோ யஸ்ரில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நீட்டிய கை அப்படியே இருந்தது. நிதா அகப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். குழம்பு அவள் சட்டையில் ஒழுகியது. கடாயில் குமிழிகளின் சத்தம் மாறியது. தடித்து மெதுவாக உடைந்துகொண்டிருந்தவை இப்போது சுருக்கென்று வெடித்தன. அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கிண்டாமல் விட்டால் முதலில் நடுவில்தான் பிடிக்கும். அவள் கை வைத்த எந்தக் கறியும் இதுவரை அடிபிடித்ததில்லை. ஹாரன் மறுபடி அடித்தது. இரண்டு பேரும் அசையவில்லை. மஞ்சள் இலை வாசத்துக்கும் கருவாமரத்துப் புகைக்கும் நடுவில், மெல்லிய நூல்போல, தீய்கிற வாடை எழுந்து வந்தது.